கதவை அடைத்த சக்கரம்

எழுபதுகளில் பெரிய காஞ்சிபுரத்தில் நூல் மூட்டை ஏற்றும் பிக்கப் வேன் ஒன்று வைத்திருந்தேன். பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று, மெக்கானிக் தடுத்தும் கேளாமல் பெரிய சக்கரங்களை மாட்டினேன். வண்டியைத் திருப்பும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரசியது.

ஒருநாள் நெசவாளர் சந்து ஒன்றில் திரும்பியபோது டயர் மட்கார்டில் சிக்கி, வண்டி இரண்டு சுவர்களுக்கு நடுவே நின்றுவிட்டது. கதவைத் திறக்கக்கூட இடமில்லை. பின்னால் கூடியவர்களிடம் "ஸ்டீரிங் கோளாறு" என்று பொய் சொல்லிவிட்டு, வியர்வையில் நனைந்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

முன்சக்கரம் ஒரு வீட்டு வாசலை அடைத்திருந்தது. உள்ளே சாப்பாட்டுத் தூக்கோடு ஓர் அம்மா நின்றிருந்தார்.

"ஆஸ்பத்திரில வீட்டுக்காரரு பசியோட இருக்காருபா. டயர்தானே மாட்டிக்கினு இருக்குது?"

"ஆமாம்மா. மெக்கானிக் வேணாம்னாரு. நான்தான் கேக்கல."

அவர் திட்டவில்லை. கடப்பாறையை எடுத்துவந்து மட்கார்டை நெம்பினார். வண்டி பின்னால் நகர்ந்தது.

"ஸ்டீரிங் சரியாயிடுச்சா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை.

"ஸ்டீரிங்ல ஒண்ணுமில்லபா. தப்பு என்னுதுதான்" என்றேன். அதற்குள் அவர் தூக்கோடு வேகமாக நடந்து போய்விட்டார்.

சக்கரங்களை அன்றே கழற்றினேன். அவர் அன்று கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்தப் பொய்யையும் கடைசிவரை விட்டிருக்க மாட்டேன்.