அடியில் மூன்று ஓட்டைகள்

ஜன்னல்காரர் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கான் பசையைப் பிதுக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டார்.

இருபத்தாறு வருஷமாக ஊரார் வீட்டுக்குள் மழை புகாமல் அடைத்த கை. ஆனால் அவர் குடியிருந்த வாடகை வீட்டு ஜன்னலில் கந்தல் துணிதான். அந்த ஈரத்தில் மனைவியின் நெஞ்சு கெட்டுப்போனது. மூன்று தலையணையில் சாய்ந்தபடிதான் அவளுக்குத் தூக்கம். கட்டிக்கொண்டிருந்த சொந்த வீட்டில், மழைக்கு முன் ஒரு அறையையாவது முடித்து அவளைக் கொண்டுவந்துவிட நினைத்தார்.

"ஊருக்கெல்லாம் குடை பிடிச்சாச்சு. என் முறை எப்போ?" என்பாள், மூச்சு வாங்கியபடி.

"வெள்ளிக்கிழமை."

"எந்த வருஷத்து வெள்ளி?"

சட்டத்தின் அடியில் மூன்று சின்ன ஓட்டைகள் இருக்கும். ஜன்னல் கதவு நகரும் தடத்தில் விழுகிற மழை அதன் வழியாகத்தான் வெளியே வடிய வேண்டும். அதை அடைத்த ஆட்களை அவர் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். அன்று, தன் புது அறையில் கட்டில் போடப்போகும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார். மூன்றையும் அடைத்தார்.

வியாழன் மதியம் மழை கொட்டியது. தடம் நிரம்பித் தண்ணீர் உள்ளே வழிந்தது. அவளுக்காக விரித்திருந்த புது மெத்தை, சுவர், தரை எல்லாம் ஊறிப்போனது. பார்க்க வந்த அவருடைய அக்கா மெத்தையில் கையை வைத்து அழுத்தினாள்.

"என்னடா பண்ணி வச்சிருக்க? கத்துக்குட்டிகூட இதை அடைக்க மாட்டான்."

"அவளுக்குக் காத்து படக்கூடாதுன்னு, அக்கா..."

"இந்த ஈரத்துல அவளை எப்படிடா படுக்க வைப்பே? காயட்டும். ஞாயித்துக்கிழமை பாப்போம்."

சனிக்கிழமை விடிந்ததும், "மெத்தை காஞ்சிருச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம்."

அக்கா அவளை ஒருக்களித்துப் பிடித்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் மூச்சு நின்றது. அந்தக் கந்தல் ஜன்னலின் கீழேதான். சாயங்காலத்துக்குள் இறுதிக் காரியம் எல்லாம் முடிந்தது.

மறுநாள் காலை ஜன்னல்காரர் புது வீட்டுக்குப் போனார். கத்தி முனையால் மூன்று ஓட்டைகளையும் குடைந்து திறந்தார். தடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, வெளியே போய் நின்று பார்த்தார். சுத்தமாக இறங்கியது. மெத்தை காய்ந்திருந்தது. அதைச் சுருட்டிச் சுவரோரம் வைத்துவிட்டு, அடுத்த ஜன்னலுக்குப் போனார்.