தவம் அண்ணையின் நிழல் கரை

ஸ்ட்ரெதம் பெட்ரோல் நிலையத்தில் காலை ஷிப்டுக்குக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. தோர்ண்டன் ஹீத் பஸ் தரிப்பிடத்தில் தவம் அண்ணை விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் போனில் சொன்னார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்ன மனுசன் இவர், வேலைக்கு வருகிற வழியிலா போகவேண்டும்? அழுகை பிறகுதான் வந்தது.

மரண அறிவித்தல் எழுத நண்பர்கள் கூடினோம். அவருடைய மனைவி, மகள் பெயர்களுக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா, விடுவதா என்று பேச்சு வந்தது. "சண்டை முடிஞ்சு எவ்வளவு காலமாச்சு. முகாம்களிலயும் விசாரிச்சாச்சு. இனியும் என்ன?" என்றார் ஒருவர். "நீர் கண்டனீரோ?" என்று நான் கத்திவிட்டேன். கடைசியில் அந்தச் சொல்லைப் போடவில்லை. அவரோடு வேலை செய்த உங்களுக்கும் அவர் கையால் தேநீர் குடித்த உங்களுக்கும் அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் அண்ணையின் மனைவியும் மகளும் ஊரில், வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார்கள். யாருடையதோ போனிலிருந்து மனைவி ஒருமுறை அண்ணையின் கைப்போனுக்கு எடுத்தார். "பங்கருக்குள்ள இருக்கிறம். திரும்ப எடுக்கிறன்" என்றாராம். அவ்வளவுதான், லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணை சாப்பிடுவதில்லை. ஷிப்ட் முடிந்தால் தொலைக்காட்சிக்கு முன்னால் கல்லுப்போல இருப்பார். பார்க்க முடியாமல்தான் திங்கட்கிழமைகளில் அவரைக் குரோய்டனுக்கு அப்பால் உள்ள குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். எனக்குக் கெளுத்தி மீன் பிடிக்கிற பைத்தியம். அங்கே பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்று சொன்னதும், "பிடிச்சுப்போட்டு விடுறதோ? விசர் ஊரப்பா இது" என்று சிரித்தார். அந்த மாதங்களில் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

பனி கரைந்த தண்ணீர். விரலை வைத்தால் எலும்பு வரைக்கும் குளிரும். என்ன இரை போடுவது என்று எங்களுக்குள் ஒரே சண்டை. கோழி ஈரல்தான் சரி என்பது என் கட்சி. கணவாய் என்பார் அவர், அதுவும் நகத்தளவு துண்டு. "தம்பி, குளிருக்குள்ள அதுக்குப் பசி இராது. பெரிசா வைச்சா முகத்தைத் திருப்பும். சின்னனா வையும், ஆனா மணக்கவேணும்." எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் எல்லாம் சேர்ந்து நாறின. "பால் வைக்கிற இடத்தில ஈரல்! உங்கள் ரெண்டு பேரையும் அந்தக் குளத்துக்க தள்ளவேணும்" என்று என் மனைவி திட்டுவார். திட்டிவிட்டு இருவருக்கும் சோறு கட்டித் தருவார்.

குளத்தின் ஒரு கரை ஆழமில்லாதது, நல்ல வெயில் படும். அந்தக் குளிர் மாதங்களில் தண்ணீர் முதலில் சூடாவது அங்கேதான், மீனும் அங்கேதான் வரும். அண்ணையோ எதிர்க்கரையில், மதகுக்குப் பக்கத்து மரநிழலில் போய்க் குந்துவார். சேறும் குளிரும்தான் அங்கே மிச்சம். தூண்டில் தடி ஆடாது. "அண்ணை, வெயில் பக்கம் வாங்கோ" என்று கெஞ்சுவேன். "இடத்தில பிழையில்லை, இரையிலதான் பிழை. வாற கிழமை இறாலோட வாறன்" என்பார். இறால் வந்தது, மண்புழு வந்தது, திரும்பவும் கணவாய் வந்தது. பிடிவாதம் பிடித்த மனுசன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒருநாள் வெயில் கரையில் அவருடைய கணவாய்த் துண்டைத் தூண்டில் முள்ளில் கொழுவிப் போட்டேன். தடி வளைந்தது. மீசையும் பெரிய வாயுமாக ஒரு கெளுத்தி! ஈரல் கட்சி அன்றோடு தோற்றது. "அண்ணை, நீங்கள் சொன்னதுதான் சரி! ஓடி வாங்கோ!" என்று கத்தினேன். அவர் எழும்பினார். கையிலிருந்த போனைப் பார்த்தார். "நான் இஞ்சயிருந்தே காணுறன் தம்பி. மீனை விடும், பாவம்" என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பவும் அங்கேயே இருந்துவிட்டார். எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

வைகாசியில் சண்டை முடிந்தது. போன் அடிக்கவில்லை. அதன் பிறகும் அவர் குளத்துக்கு வந்தார், அதே நிழலில் இருந்தார். ஒருநாள் அவருடைய தூண்டிலை இழுத்துப் பார்த்தேன், முள் வெறுமையாக இருந்தது. "அண்ணை, இரை இல்லையே" என்றேன். "ஓம்" என்று தலையாட்டினார்.

அவருக்கு இங்கே சொந்தம் என்று யாரும் இல்லாததால் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவை எங்கள் வீட்டில்தான் செய்தோம். அவருக்குப் பிடித்தது என்று கணவாய்க் கறி சமைத்துப் படைத்தார் என் மனைவி. அடுத்த நாள், அவருடைய சாமான்களோடு எங்களிடம் வந்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போனேன். வெயில் கரையில் நின்று எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை. கரையோரமாகச் சுற்றி நடந்தேன், எங்கும் இல்லை. மதகடி மரநிழலுக்கு வந்தபோது மட்டும் சிக்னல் வந்தது. அந்தச் சேற்றிலேயே இருந்துவிட்டேன். ஐயோ அண்ணை, இரையில் ஒரு பிழையும் இல்லையே. உங்களுக்கு அது முதலே தெரியுமே.

அவருடைய தூண்டில் தடியை யாருக்கோ கொடுத்துவிட்டேன். போனை மட்டும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் சார்ஜ் போடுகிறேன், அந்த நம்பர் செத்துப்போக விடவில்லை. 'அவர் எங்க?' என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. கேட்க ஆள் இல்லை என்றும் மனதுக்குத் தெரியும். ஆனாலும் இப்போதெல்லாம் எங்கே போனாலும், சிக்னல் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் இருக்கிறேன்.