இடது சுவருக்கு ஒரு ஆள் தேவை

பஸ் நிலையத்தின் விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்து, ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்வது அவள் உத்தியோகம். தலைக்கு மேலே பஸ் நேரமெல்லாம் போட்ட அத்தனை பெரிய போர்டு தொங்கும். 'அதுலயே போட்டிருக்கே' என்று மட்டும் சொல்லக்கூடாது, மேலதிகாரியின் உத்தரவு. பாறை ஏறும் நண்பர்கள் அவளுக்கு 'என்கொயரி' என்று பெயர் வைத்து, குழுவை நடத்தும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டினார்கள். அவ்வளவு பொறுமைசாலி வேறு யார் கிடைப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமைக்கு அவளிடம் பொறுமை மிச்சம் இருக்காது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

வாட்ஸப்பில் இடம், நேரம், கொண்டுவர வேண்டியவை எல்லாவற்றையும் போட்டாள். அடுத்த நிமிடமே ஜிம் மாஸ்டர், "எங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பல் டாக்டர் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். வருகிறீர்களா, இல்லை வெறுமனே பார்த்தீர்களா என்று கேட்டதற்கு இன்னொரு கட்டைவிரல் வந்தது.

இந்த முறை அவளுக்குச் சொந்தமாக ஒரு அவசரம் இருந்தது. கல்குவாரியின் இடது சுவரில் அடியிலிருந்து உச்சிவரை ஒரு வெடிப்பு ஓடுகிறது. விரல்கள் நுழையும், முஷ்டி நுழையாது. குழுவில் எல்லோரையும் அதில் ஏற்றிவிட்டாள். அவள் மட்டும் ஏறியதில்லை. கடைசி ஆள் விழாமல் கீழே நின்று கயிறு பிடித்து முடிக்கும்போது, நேரம் முடிந்ததென்று குவாரி மேனேஜர் விசில் ஊதிவிடுவார். அதே மேனேஜர்தான் இப்போது போனில் சொல்லியிருந்தார்: "திங்கக்கிழமை அந்தச் சுவத்துல மெஷினை வைக்கிறோம்மா. வர்றதுன்னா இந்த ஞாயித்துக்கிழமையே வந்துடுங்க."

கிளம்பும்போது வாசலில் கணவனின் அக்கா, மடக்கு நாற்காலியும் குடையுமாக நின்றார்.

"நீ அங்க போய் என்னதான் பண்றேன்னு நானும் பாத்துடறேன்."

அவள் அடுப்பை அணைத்தால் பின்னாலேயே வந்து குமிழைத் திருகிப் பார்க்கிற நாத்தனார். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். 'பூட்டிட்டேன் அக்கா' என்று பல்லைக் கடித்துச் சொல்லிச் சொல்லியே அவள் தாடை தேய்ந்திருந்தது. இன்றைக்குமா?

குவாரியில் நாத்தனார் நேராகச் சுவரின் அடியில் போய் நாற்காலியை விரித்தார். அவள் அதைத் தூக்கிப் பின்னால் வைத்து, அவர் தலையில் ஒரு ஹெல்மெட்டையும் கவிழ்த்தாள்.

"எனக்கு எதுக்கு இது?"

"மேலேர்ந்து விழற கல்லுக்கு உங்களைத் தெரியாது அக்கா."

ஜிம் மாஸ்டர் தாமதமாக வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு மச்சான்களையும் கூட்டி வந்தார். மச்சான்கள் ஆளுக்கொரு முறை, பாத்ரூம் எங்கே என்று அவளிடமே கேட்டார்கள். அவர்களை ஏற்றி இறக்குவதற்குள் வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. பிறகு ஜிம் மாஸ்டர் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையில் கை வைத்தார்.

"அந்த முடிச்சு மத்தவங்களது மாதிரி இல்லையே," என்றார் நாத்தனார் நாற்காலியிலிருந்து.

இல்லைதான். பாதியில் நின்றிருந்தது. என்கொயரி அவிழ்த்து மறுபடி போட்டாள்.

பல் டாக்டர் கயிறு பிடித்தார். அடுத்து அவளுக்கும் அவர்தான் பிடிப்பதாகப் பேச்சு. ஜிம் மாஸ்டர் பாதிச் சுவரில் தொற்றிக்கொண்டிருக்கும்போது டாக்டரின் கை போனை எடுக்கப் பாக்கெட்டுக்குப் போனது.

"யோவ், கையை எடுக்காத!" நாத்தனாரின் குரல் குவாரி முழுக்க எதிரொலித்தது.

என்கொயரி பாய்ந்து கயிற்றைப் பற்றினாள்.

"ஒரு போட்டோதானேம்மா? உனக்குப் பிடிக்கும்போது கவனமா இருப்பேன்."

"வேணாம் டாக்டர். நீங்க பல்லு புடுங்கறதோட நிறுத்திக்குங்க."

இறங்கிய ஜிம் மாஸ்டரின் முன்கைகள் வெடவெடவென நடுங்கின. தனியாகப் பிடிக்க முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். மச்சான்களுக்கு ஒன்றும் தெரியாது. என்கொயரி ஹெல்மெட்டுகளைப் பைக்குள் விட்டெறியத் தொடங்கினாள்.

"நீ ஏறலையா?"

"பிடிக்க ஆள் இல்ல அக்கா."

"இடுப்புல மாட்டற அந்தப் பிரேக்குக்குள்ள கயிறு போகணும். கீழ இருக்கற கையை எடுக்கக் கூடாது. மேல ஆளைப் பாத்துட்டே இருக்கணும். வேற என்ன? காலையிலேர்ந்து அதைத்தானே பாத்துட்டிருக்கேன்!"

அவள் நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இடுப்புப் பட்டையை மாட்டிவிட்டாள். கயிற்றின் வால் பக்கத்தைக் கூடுதல் பாதுகாப்புக்கு ஜிம் மாஸ்டரிடம் கொடுத்தாள். தான் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆள் உயரத்துக்கு ஏறி, சொல்லாமல் கையை விட்டாள். கயிறு நின்றது. இன்னொரு தரம் விட்டாள். நின்றது. மூன்றாவது தரம், "இன்னும் எத்தனை வாட்டி விழுவே?" என்று அதட்டல் வந்தது.

இறங்கி, இறுகிப்போன முடிச்சை அவள் அவிழ்த்துப் புதிதாகப் போட்டதும் நாத்தனார் வந்து அதை இழுத்துப் பார்த்தார். கொக்கியை இழுத்தார். பட்டையை இழுத்தார். அவள் கைகளை விரித்து, வாகாக நின்றாள்.

ஏற ஆரம்பித்ததும் கீழிருந்து குரலும் ஏறியது. "அங்க மண்ணு இருக்கு, காலை வைக்காத. எதுக்கு அவசரம், பஸ்ஸா போயிடப் போகுது?"

பாதியில் மேனேஜர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"சார், கொஞ்சம் சும்மா இருங்க. ஆள் மேல இருக்கா." நாத்தனார் திரும்பக்கூட இல்லை. விசில் மெதுவாகச் சட்டைப்பைக்குள் போனது.

உச்சிக்குச் சற்றுக் கீழே அவளுடைய கால் வழுக்கியது. கயிறு விண்ணென்று இறுகியது.

"பிடிச்சிருக்கேன். போ."

போனாள். மேலே கயிற்றை மாட்டியிருந்த போல்ட்டைத் தொட்டுவிட்டுக் கீழே பார்த்தாள். டாக்டர் போனில் இருந்தார். மச்சான்கள் தண்ணீர் பாட்டிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாத்தனாரின் ஹெல்மெட் மட்டும் அவளை நோக்கி நிமிர்ந்திருந்தது.

"தொட்டாச்சில்ல? இறங்கு. கழுத்து வலிக்குது."

திரும்பும் வழியெல்லாம், எங்கே எந்தக் காலை வைத்திருக்க வேண்டும் என்று நாத்தனார் விளக்கிக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் சரியாகவே இருந்தது, அதுதான் எரிச்சல்.

அடுத்த மாதம் வேறொரு குவாரி கிடைத்தது. என்கொயரி நாத்தனாரின் எண்ணைக் குழுவில் சேர்த்துவிட்டு இடம், நேரம் எல்லாம் போட்டாள்.

"எங்க, எத்தனை மணிக்கு?" என்றார் ஜிம் மாஸ்டர்.

அவள் பெருமூச்சு விட்டுப் பதில் அடிக்க ஆரம்பிப்பதற்குள் நாத்தனாரின் முதல் செய்தி வந்து விழுந்தது.

"மேலயே போட்டிருக்கு. கண்ணைத் தொறந்து படிங்க."