வேலாயுதம் காட்டிய மேடு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீடு வேலாயுதத்தின் வீடு. சரக்கு யார்டில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. கிள்ளான் வண்டியைக் கிள்ளானுக்கும் ஈப்போ வண்டியை ஈப்போவுக்கும் தப்பாமல் திருப்பிவிடுகிற மனிதர். கள் குடிக்க மாட்டார். சம்பள நாளில் லயமே ஆடிக்கொண்டு வரும்போது அவர் மட்டும் நேராக நடந்து வருவார். அதனால் லயத்துப் பெண்களுக்கு அவர்மேல் ஏக மரியாதை, ஆண்களுக்கு ஏக எரிச்சல்.

அந்த மரியாதையை ஊதி ஊதி வளர்த்தவள் அவர் மனைவி வீரம்மா. எந்தச் சண்டையிலும் அவளுடைய கடைசி ஆயுதம் ஒன்றுதான். "எம்பிள்ளை செத்தப்ப தன் கையால தூக்கிட்டுப் போயி, தானே மண்ணத் தள்ளிட்டு வந்தாரு இவரு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு கள்ளத் தொட்டதில்ல. உங்க வீட்டுல இருக்கா அப்படி ஒரு ஆம்பள?" என்பாள். எதிராளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வேலாயுதம் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார். அடக்கம் என்று நினைத்தோம். அடக்கமாவது மண்ணாவது! பிற்காலத்தில் அவரே எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

மூத்த பிள்ளை தம்புசாமி பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். அப்படிப்பட்ட பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். மேளம் இல்லை, பாடை இல்லை, கருமாதி இல்லை. தகப்பன் துணியில் சுற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போவான். கூட ஒருவர் மண்வெட்டியோடு போவார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். வீரம்மா அதுவரை தானே சுமந்துவந்து பிள்ளையைப் புருஷன் கையில் கொடுத்தாள். மண்வெட்டியோடு போனவன் அவருடைய கூட்டாளி அய்யாவு.

ஊருக்குள்ளேயே, ஆற்றைத் தாண்டியதும், சுற்றிலும் சுவர் எழுப்பிய சின்ன இடுகாடு ஒன்று இருந்தது. வேலாயுதம் ஆற்றுப் பாலம்வரை நடந்தார். அங்கே துணி விலகிப் பிள்ளையின் ஒரு கால் வெளியே தெரிந்தது. அதற்குமேல் அவரால் முடியவில்லை. "என்னால ஆவலடா. நீ போய்ட்டு வா" என்று பிள்ளையை அய்யாவு கையில் திணித்துவிட்டுக் கள்ளுக்கடைப் பக்கம் திரும்பிவிட்டார். பெற்ற பிள்ளையைப் பாதி வழியில் விட்டுவிட்டுக் குடிக்கப் போனார். இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அய்யாவு திரும்பி வந்ததும் இருவரும் ஆற்றில் முழுகிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். வீரம்மா புருஷன் காலில் தண்ணீர் ஊற்றினாள். "நல்லபடியா படுக்க வச்சீங்களா?" என்று கேட்டாள். "ம்" என்றார். மறுநாளிலிருந்து கள்ளை விட்டார். அந்த வாடை வந்தாலே குமட்டியதாம். ஊர் அதைப் புத்திர சோகம் என்றது. நல்ல பேர் ஒட்டிக்கொண்டால் அதைப் பிய்த்தெறிவது சுலபமில்லை.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். பச்சைப் பிள்ளை செத்தால் மறந்துவிடு என்பதுதான் நம்மவர்கள் சொல்வது. ஆனால் சீனக் குடும்பங்கள் வருஷம் தவறாமல் தங்கள் கல்லறைகளுக்குப் போய்ப் புல் செதுக்கிப் பழம் படைப்பதை வீரம்மா பார்த்துவிட்டாள். "சீனனுக்கு இருக்கிற பாசம் நமக்கு இல்லையா? தீவாளிக்கு மொத நாளு நாமளும் போறோம். புள்ள இருக்கிற எடத்த வந்து காட்டுங்க" என்றாள்.

அய்யாவு அதற்குள் கிள்ளானில் துறைமுக வேலைக்குப் போயிருந்தான். வேலாயுதம் அவனைத் தேடி அடுத்த வண்டியிலேயே கிளம்பினார். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள், "அய்யாவா? அவன் ஊருக்குக் கப்பலேறிட்டானேண்ணே, இனிமே வரமாட்டான்லா" என்றார்கள். அய்யாவு அன்றைக்கு ஆற்றங்கரையில் சொன்னது ஒன்றுதான் அவருக்கு நினைவிருந்தது. "சுவத்தோரமா, நல்ல எடம்டா." சுவர் நாலு பக்கமும் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் வீரம்மா பாலும் பழமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். இடுகாட்டு வாசலில் கால் வைக்கும்போதுகூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே நடந்துவிட்டார். கிழக்குச் சுவரோரம் ஒரு சின்ன மேடு தெரிந்தது. யாரும் கவனிக்காமல் புல் மண்டிக் கிடந்தது. அதைக் காட்டினார். அவள் அதன்மேல் குப்புற விழுந்து அழுதாள். அவரும் அழுதார். அவர் ஏன் அழுகிறார் என்று அவளுக்குத் தெரியாது.

அதன்பிறகு ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. மகள் லெட்சுமி பிறந்து, வளர்ந்து, சாலாக் செலாத்தானில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும் இவர்கள் இருவரும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மண் அணைப்பதும் களை பிடுங்குவதும் வேலாயுதத்தின் வேலை. அந்த இடுகாட்டிலேயே அத்தனை சுத்தமான மேடு வேறு கிடையாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் கையும் சேர்ந்து குறுகுறுத்தது. ஒரு வருஷம் பெருவெள்ளம் வந்து ஊரே மிதந்தபோது அவர் மனசுக்குள் ஒரு கேவலமான ஆசை வந்ததாம். அந்த மேடு கரைந்துபோகட்டும், இனிமேல் யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை என்று. வெள்ளம் வடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். மேடு இருந்தது. அவர் அணைத்த மண் அவ்வளவு கெட்டி.

மூன்று வருஷம் கழித்து அந்த இடத்தில் சாலை போடப்போவதாக அறிவித்தார்கள். பிள்ளைகளைப் புதைத்தவர்கள் வந்து இடத்தைக் காட்டினால், தோண்டி எடுத்து ஊருக்கு வெளியே புதிய இடுகாட்டில் வைக்கக் கொடுப்பார்கள். கேட்பாரற்றவை எல்லாம் ஒரே குழிக்குப் போகும். வீரம்மா புதுத் துணி வாங்கி மஞ்சளில் நனைத்துக் காயப்போட்டாள். வேலாயுதம் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லாவிட்டால் சொந்தப் பிள்ளை பொதுக்குழிக்குப் போவான். சொன்னாலும் அங்கேதான் போவான், இவளும் கைவிட்டுப் போவாள். சொல்லவில்லை.

தோண்டுவதை மேற்பார்வை பார்க்க வந்தவர் கார்த்திகேசு என்கிற யாழ்ப்பாணத்துக் கிராணி, அரசாங்கக் குமாஸ்தா. குடையும் கோட்டுமாக நின்றார். ஆட்கள் மேட்டை வெட்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் அள்ள ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது ஒரு கண்ணாடி வளையல். சிவப்பு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒரு தாடை எலும்பு, வரிசையாகப் பல்லோடு.

"கைப்பிள்ளை எண்டுதானே சொன்னீர்? இது அஞ்சாறு வயசுப் பெட்டைப் பிள்ளையெல்லோ" என்றார் கிராணி.

வீரம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பாலம், அய்யாவு, கள்ளுக்கடை, கிள்ளான், எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் கொட்டிவிட்டார். "எங்க வச்சான்னு எனக்குத் தெரியாது வீரம்மா. நான் வரவே இல்ல. பாவி நான்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாராம். அவள் சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் இன்னும் எத்தனையோ மேடுகள், வெள்ளத்தில் கரைந்து தரையோடு தரையானவை வேறு. எதையென்று தோண்டச் சொல்வாள்?

கிராணிக்கும் மனசு கேட்கவில்லைதான். குரலைத் தணித்துக்கொண்டு, "அப்ப இதைப் பொதுக்குழிக்கு அனுப்புறன் அம்மா. வேற வழியில்லை" என்றார்.

"தொடாதீங்க" என்றாள் வீரம்மா. குழிக்குள் இறங்கினாள். பெண்கள் செய்கிற வேலையில்லை அது. தடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஒவ்வொரு எலும்பாக எடுத்து முந்தானையால் துடைத்து மஞ்சள் துணியில் வைத்தாள். வளையல்களையும் வைத்தாள். "இத்தன வருஷமா நாம ஊத்துன பாலத்தான குடிச்சிருக்கா. இவளுக்கும் யாரும் வரல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முடிச்சுப் போட்டு மேலே ஏறி வந்து, மூட்டையைப் புருஷன் முன்னால் நீட்டினாள்.

"எம்பிள்ளைய அய்யாவு தூக்கிட்டுப் போனான். இவளையாச்சும் நீங்க தூக்கிட்டு வாங்க."

வேலாயுதம் எழுந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். புதிய இடுகாடு வெகு தூரம். வழியில் மாட்டு வண்டிக்காரன் ஒருவன் ஏறிக்கொள்ளச் சொன்னான். அவர் ஏறவில்லை. கை மரத்துப்போன பிறகும் மூட்டையை மாரோடு அணைத்துக்கொண்டு நடந்தார், யாரிடமும் கொடுக்கவில்லை.