வாளி அக்காவின் கை

வாளி அக்காவுக்கு நான் ஒரு மாதக் கூலி கடன்பட்டிருந்தேன். பணமில்லாமல் இல்லை. கைவண்டி தள்ளி ஆரம்பித்து ஆறு லாரிக்கு முதலாளி ஆனவன் நான். கையெழுத்துக்கு மேல் படிப்பு கிடையாது. ஆனாலும் கூலி பாக்கி வைத்தான் என்று எவனும் என்னைச் சொன்னதில்லை. அவள்தான் வாங்க வரவில்லை.

என் தம்பிக்கு இடுப்பில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் கூலிக்கு நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். புரட்டிப் படுக்க வைப்பாள், உடம்பு துடைப்பாள், மலம் அள்ளுவாள். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் தன் நீல வாளியில் கையை முக்கி எடுப்பாள். கிருமிநாசினி கலந்த தண்ணீர். நெடி மூக்கைத் துளைக்கும். என்னையும் விடமாட்டாள்.

"முதலாளி கைன்னா கிருமி சலாம் போட்டுட்டுப் போயிடுமா? முக்குங்கண்ணே!"

தம்பியின் புண்ணில் பச்சையாகச் சீழ் கோத்தது. ஊசிமேல் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே பச்சைச் சீழ். அவர் போய்ச் சேர்ந்தார்.

"மருந்துக்கு அடங்காத கிருமி. இன்னும் ஒரே ஒரு மருந்துதான் இருக்கு. அதுவும் கிட்னியைக் கெடுத்தாலும் கெடுக்கும்" என்றார் டாக்டரம்மா.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரியை ஓட்டி நிறுத்தியவன் நான். அன்றைக்குத் தம்பியின் போர்வையைத் தொடவே பயந்தேன்.

கட்டில், குழாய், எங்கள் கைகள் என்று எல்லாவற்றையும் பஞ்சுக்குச்சியால் தடவிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அக்காவின் கையில் ஒன்றுமில்லை. கிருமி இருந்தது வாளியில்.

"தண்ணி அதிகம், மருந்து கம்மி. அதையே நாள்பூரா வெச்சிருந்தா கிருமி பழகிக்கும். கொல்லுற தண்ணியிலயே குடித்தனம் நடத்துது" என்றார் டாக்டரம்மா.

கடைசி மருந்தில் தம்பிக்குக் காய்ச்சல் விட்டது. அக்காவோ அதற்குப் பிறகு வார்டுக்கு வரவில்லை. தேடிப் போனால், சைக்கிள் நிறுத்துமிடத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவள் மகளுக்குப் பிரசவ வலி எடுத்திருந்தது.

"ஏம்மா, கையில ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லிட்டாங்களே. வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதானே?"

"வாளியிலயும் ஒண்ணுமில்லைன்னுதான் இருந்தேன். அந்தக் கட்டில்காரரைப் போற நாள் வரைக்கும் துடைச்சது இந்தக் கைதாண்ணே."

கூலியை எடுத்துப் பக்கத்திலிருந்த கட்டைச்சுவரில் வைத்தேன்.

அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ஆறு லாரிக்காரர் நீங்களே தொடப் பயப்படுறீங்க. நான் எந்தத் தைரியத்துல பச்சைப் புள்ளையைத் தூக்குவேன்?"

கையை நீட்டினாள். மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்து, வெடித்துப் போயிருந்த உள்ளங்கை. சுவரிலிருந்து நோட்டுகளை எடுத்தேன். ஒவ்வொன்றையும் என் விரல் அவள் தோலில் படும்படி அழுத்தி, வாய்விட்டு எண்ணி வைத்தேன்.