கப்பல் பார்க்கக் காசில்லை

போன சனிக்கிழமை என் தங்கையின் மகள் தொலைந்து போனாள். பெயர் வதனி. வயது ஏழு. தொலைந்த இடம் சந்தை அல்ல, தேர்த் திருவிழா அல்ல — ஒரு போர்க்கப்பல்.

அதுவும் அந்நிய நாட்டுக் கப்பல். அன்று பொழுதுபட நங்கூரம் தூக்கிக்கொண்டு போகிற கப்பல்.

அந்தப் பின்னேரத்தை நேரே எழுத இன்னும் துணிவில்லை. அதனால் முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். கோபம் எனக்குச் சுலபமாக வரும் என்பது இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும்.

சித்திரை விடுமுறை வந்தால் திருகோணமலையில் வீடு வைத்திருப்பவர்கள் பாடு என்னவென்று மற்ற ஊர்க்காரருக்குத் தெரியாது. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்கும். வரட்டும், பிழையில்லை. ஆனால் என் தங்கை ராணியின் கணவர் சிவலிங்கம் தனிப் பிறவி. கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை. ரயிலுக்கு இலவச வாரண்ட், டிக்கெட் காசில்லை. படுக்க என் வீடு. சாப்பிட என் குசினி. விடிய முதல் பாண் வாங்கக் கியூவில் நிற்பது நான். அவர் எழும்பி, முகம் கழுவ முதலே கேட்பார்:

"மச்சாள், இந்தமுறை காசில்லாமல் எங்கை போகலாம்?"

காசில்லாமல் போக இந்த ஊரில் இடத்துக்கா பஞ்சம்? கோணேசர் மலையில் ஏறி நின்றால் காற்று இலவசம். போகிற வழியில் கோட்டைக்குள் மான்கள் நிற்கும் — பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. கன்னியாவில் வெந்நீர்க் கிணறு. ஏழு கிணற்றிலும் அள்ளி அள்ளி ஊற்றலாம். இறக்கக்கண்டிப் பக்கம் போனால் கடல், கடல், கடல். எல்லாம் பார்த்தாயிற்று. மனுசனுக்கு இன்னும் வேண்டும்.

அப்போதுதான் கப்பல் வந்தது.

வெளிநாட்டுப் போர்க்கப்பல் ஹாபருக்குள் வந்தால் ஒரு நாள் பின்னேரம் ஊர்ச்சனத்தை உள்ளே விடுவார்கள். கடற்படைத் தளத்து ஜெட்டியிலிருந்து லோஞ்சில், அந்த மோட்டர் படகில், ஏற்றிப்போய்க் காட்டி, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு சதம் இல்லை. இதைக் கேட்டதும் சிவலிங்கத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லொத்தர் விழுந்தவர்கூட அப்படிச் சிரிக்கமாட்டார்.

இந்த இடத்தில் சேலைக் கதையையும் சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கக்கடைக்கு இந்த வருசத்துக்கு வந்த சேலை ஒரே டிசைன். நீலத்தில் மஞ்சள் பூ. வேண்டுமென்றால் எடு, இல்லாவிட்டால் போ. பிடித்ததோ பிடிக்கவில்லையோ, ஊரே எடுத்தது. நானும் எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேண்டாம் என்று விட்ட பங்கை ராணிக்கு எடுத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை இரண்டு பேரும் அதைத்தான் உடுத்துக்கொண்டு போனோம்.

கப்பலில் ஏறிப் பார்த்தால்... ஏணியில் நீலத்தில் மஞ்சள் பூ. பீரங்கிக்குப் பக்கத்தில் நீலத்தில் மஞ்சள் பூ. எந்தத் தளத்தில் ஏறினாலும் அதேதான். இது இந்த ஊர்ப் பெண்களின் யூனிபோர்ம் என்று அந்த வெள்ளைக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

வெயில் நெருப்பு. இரும்புத்தளம் செருப்பையும் தாண்டிச் சுட்டது. எல்லாப் பெண்களும் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டோம். வதனி ஒரு நேரம் ராணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், ஒரு நேரம் என்னுடையதை. ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் பிள்ளைகளுக்கெல்லாம் டொபி கொடுத்தான். மினுங்குகிற கடுதாசி சுற்றிய டொபி. வதனி அதை வாயில் போடவில்லை. கடுதாசியையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

இறங்குகிற நேரம் ஒரே நெரிசல். எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் சனத்துக்கு வரிசை என்றால் விளங்காது. லோஞ்சுக்குத் தள்ளுகிறார்கள், பின்னாலிருந்து முட்டுகிறார்கள். முதல் லோஞ்ச் போனது. அடுத்ததில் என்னை இழுத்து ஏற்றிவிட்டார்கள். ராணியும் சிவலிங்கமும் மேலே தெரிந்தார்கள். வதனி அவர்களோடு நிற்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன்... அவ்வளவுதான். பார்க்கவில்லை.

கரையில் இறங்கி, தளத்து வாசலுக்கு வெளியே வந்து காத்து நின்றேன். கடைசி லோஞ்சில் அவர்கள் வந்தார்கள். இரண்டு பேராக வந்தார்கள்.

"அக்கா, வதனி எங்கை?"

"என்னட்டைக் கேக்கிறாய்? உன்னோடை எல்லே நிண்டவள்!"

"ஐயோ, உங்கடை சீலையைப் பிடிச்சுக்கொண்டு எல்லே போனவள்! நான் கண்டனான்!"

ராணி கண்டது நீலத்தில் மஞ்சள் பூ. யாருடைய நீலத்தில் மஞ்சள் பூ?

  திரும்பி வாசலுக்கே ஓடினேன்.

வாசல் காவலில் நின்ற கடற்படைக்காரர் நடுத்தர வயது ஆள். சிங்களவர். எனக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம், மீன் விலை பேச மட்டும் காணும். பிள்ளை தொலைந்ததை மீன் விலைப் பாசையில் எப்படிச் சொல்வது? கையைக் காட்டி, உயரத்தைக் காட்டி, அழுது சொன்னேன்.

"நேரம் முடிஞ்சது. இனி உள்ளுக்குப் போக ஏலாது," என்றார் அவர், உடைந்த தமிழில்.

"ஐயா, பிள்ளை! கப்பல் போகப் போகுது ஐயா!" சிவலிங்கம் அவர் காலில் விழப் போனார்.

அவர் பின்னுக்கு விலகி எங்களை ஒருதரம் பார்த்தார். பிறகு விறுவிறென்று காவல் அறைக்குள் போய்ப் போனை எடுத்தார். நல்ல மனுசன். எனக்குத்தான் அப்போது அவரையும் அடிக்கவேண்டும் போல இருந்தது.

வாசலில் நின்றால் கப்பல் தெரிந்தது. புகைபோக்கியில் புகை கிளம்பிவிட்டது. கப்பலிடம் கேட்கிறார்கள் போல, கரையிலிருந்து ஒரு விளக்குக் கண் சிமிட்டியது. கப்பலிலிருந்து ஒரு விளக்குப் பதில் சிமிட்டியது. அதில் எது 'இருக்கிறாள்', எது 'இல்லை'? ராணி ஒவ்வொரு சிமிட்டலுக்கும் என் கையை நசித்தாள்.

நான் என்ன நினைத்துக்கொண்டு நின்றேன் தெரியுமா? கப்பல் வதனியைக் கொண்டுபோகிறது. எந்தத் துறைமுகத்தில் இறக்குவார்கள்? அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'தேங்க்யூ' மட்டும். பசித்தால் என்ன சொல்வாள்? இரவில் அம்மா என்று கூப்பிட்டால் யாருக்கு விளங்கும்?

காவல்காரர் வெளியே வந்தார். நடந்து வந்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"கப்பல்ல எல்லா இடமும் பாத்தாச்சு. பிள்ளை ஒண்டும் இல்லை."

ராணி கப்பலைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள்.

"அப்ப தண்ணியிலை..." என்றாள்.

இந்த ஹாபரைப் பற்றி நாங்கள் அடிக்காத பெருமை உண்டா? எவ்வளவு பெரிய கப்பலும் வரலாம், அவ்வளவு ஆழம் என்று வெளியூராருக்கு வாய் நிறையச் சொல்வோம். நானே இந்தப் பத்தியில் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை அந்த ஆழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கப்பலுக்கும் லோஞ்சுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? ஒரு பிள்ளை நழுவி விழப் போதும். சத்தம் கேட்டிருக்குமா? அந்த நெரிசலில் எப்படிக் கேட்கும்? கடவுளே, கப்பல் அவளைக் கொண்டே போகட்டும், எந்த நாட்டுக்கென்றாலும் கொண்டு போகட்டும் என்று மன்றாடினேன். ஒரு நிமிசத்துக்கு முன் எது எனக்குப் பயமோ, அதையே வரமாகக் கேட்டேன்.

சிவலிங்கம் நிலத்தில் குந்திவிட்டார். "நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்... நான்தான்..." வேறு கதை இல்லை. அவரைப் பேச என்னிடம் வருசக்கணக்காகச் சேர்த்து வைத்த பேச்சு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் நானும் குந்தினேன்.

அப்போது ரோட்டுப் பக்கமிருந்து ஒரு குரல்.

"ஆருட புள்ள இது? ஆருடயெண்டு கேக்கன்!"

திரும்பினேன். நீலத்தில் மஞ்சள் பூ. தலையில் முக்காடு. முகமெல்லாம் வேர்வை. ஒரு கை இடுப்பில். மறு கையில் வதனி.

அந்தப் பெண்ணுக்கு ஊர் கிண்ணியா, ஆற்றுக்கு அந்தப் பக்கம். தன் பிள்ளைகள், மாமியார் என்று பெரிய கூட்டமாகக் கப்பல் பார்க்க வந்தவள். வதனி டொபிக் கடுதாசியைப் பார்த்தபடி அவள் முந்தானையைப் பிடித்து முதல் லோஞ்சில் ஏறி, இறங்கி, வாசலைத் தாண்டி, கிண்ணியா பஸ்ஸிலும் ஏறிவிட்டாள்.

"கண்டக்டர் எத்தின புள்ளயெண்டு கேட்டான். எண்ணிப் பாத்தா ஒண்டு கூட! அல்லாவே, எனக்கு உசிரு போயிட்டு. புள்ள புடிக்கிறவளெண்டு என்னயெல்லுவா புடிச்சி அடைப்பாங்க! பஸ்ஸ நிப்பாட்டி இறங்கி ஓடி வாறன். பெத்த உங்களுக்குக் கண்ணில்லையா?"

நாங்கள் எங்கள் பயத்தில் நின்ற அதே நேரம் அவள் இன்னொரு பயத்தோடு வெயிலில் ஓடி வந்திருக்கிறாள். அவளுடைய பிள்ளைகள் மாமியாரோடு பஸ்ஸில் போய்விட்டார்கள். இனி அடுத்த பஸ் பிடித்து, பாதை, அதுதான் ஆற்றைக் கடத்துகிற மிதவை, போய்விட முதல் துறையடிக்குப் போய்ச் சேர வேண்டும். பாதையை விட்டால் அவள் ஆற்றுக்கு இந்தப் பக்கம், பிள்ளைகள் அந்தப் பக்கம்.

ராணி ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிப்பிடிப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. கையை ஓங்கினாள். எங்கள் வழக்கம் அதுதான். பயம் தீர்ந்த அடுத்த நொடி பிள்ளைக்கு அடி.

கிண்ணியாப் பெண் அந்தக் கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சிப் பாருங்க! திரும்பவும் கூட்டிட்டுப் போயிருவன்!"

ராணியின் கை கீழே விழுந்தது. பிறகுதான் அழுகை வந்தது. நடுரோட்டில், அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து அழுதாள். "செரி, செரி, அழாதீங்க, எனக்குப் பஸ் போயிரும்," என்று முதுகில் தட்டினாள் அவள். சிவலிங்கம் எழும்பி, வந்துகொண்டிருந்த வாடகைக் கார் ஒன்றைக் கையைக் காட்டி மறித்தார். தன் செலவில். துறையடி வரைக்கும். அவர் கார் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

கார் வந்து நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் வதனி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று நீலம், மூன்று மஞ்சள் பூ. யாருடைய முந்தானையையும் தொடவில்லை. மெல்லப் பின்னுக்குப் போய்த் தகப்பனின் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாசலில் பெல்ட் கட்டிய ஆம்பிளைகள் எத்தனை பேர் நின்றார்கள் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.