டாங்கி மூடி

எழுபதுகளில் எங்கள் கிணற்றில் ஒரு ஆயில் எஞ்சின் இருந்தது. பழையது. புகை அதிகம், தண்ணீர் குறைவு. ஒரு மாசி மாதம் வாளையாரிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவர். எஞ்சினை முழுதும் பிரித்தார். ரிங் மாற்றினார், கழுவினார், திரும்ப மாட்டினார். வேலை நாலு நாள் இழுத்துவிட்டது.

என் தங்கை அப்போது எங்களோடு இருந்தாள். புருஷன் இறந்த பின் அவன் அண்ணன் வீட்டில் சோற்றுக்கு நின்றவள். நான் போய் அழைத்து வந்தேன். கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் நிலம் கொடுத்தேன். மிளகாய் நட்டாள்.

"இது வந்துட்டா நான் அந்த ஊட்டுக்குத் திரும்பிப் போவ வேண்டியதில்லீங்ண்ணா" என்றாள்.

நாற்று வேர் பிடிக்கிற சமயம். கணவாய்க் காற்று நாளெல்லாம் அடித்தது. இலை சுருள ஆரம்பித்திருந்தது. அவள் குடத்தில் மொண்டு ஊற்றிப் பார்த்தாள். எத்தனை ஊற்றினாலும் மண் குடித்துவிட்டது.

மாட்டி முடித்தால் எஞ்சினுக்குப் பொட்டு வைக்க வேண்டும். எங்கள் பக்கம் எந்த இயந்திரத்துக்கும் அப்படித்தான். என் மனைவி பிரசவத்துக்குப் போயிருந்தாள். தங்கையை வைக்கச் சொன்னேன்.

"நானாங்ண்ணா?"

"நீதான் அம்மிணி. உன்ற மொளகாக் காட்டுக்குத்தான தண்ணி."

சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தாள். சக்கரத்தில், பம்பில், டீசல் டாங்கி மூடியில் என்று எல்லா இடத்திலும் வைத்தாள். மேலே குங்குமம்.

மெக்கானிக் ஹேண்டில் போட்டார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு பீடி முடிகிற நேரம் ஓடியது. இருமியது. நின்றுவிட்டது.

டாங்கியைத் திறந்து டீசல் பார்த்தார். இருந்தது. மூடினார். டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று காற்றை வெளியே எடுத்துவிட்டார். ஓடியது, நின்றது. வடிகட்டியைக் கழுவினார். ஓடியது, நின்றது. ஒவ்வொரு முறையும் டாங்கியைத் திறந்து பார்த்து மூடினார். உச்சிப் பொழுதாகிவிட்டது. தான் மாட்டியதையே நம்பாமல், டீசல் பீச்சும் நாசிலைக் கழற்றினார்.

பக்கத்துக் காட்டுச் சின்னம்மா வரப்பில் வந்து நின்றாள்.

"தாலியறுத்தவ பொட்டு வெச்சா எஞ்சின் எப்பிடியப்பா ஓடும்?"

தங்கை குடத்தோடு நின்றிருந்தாள். நான் எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எஞ்சினுக்கு அதெல்லாம் தெரியாதுங்க சின்னம்மா. டீசல் வந்தா ஓடும், வரலீன்னா நிக்கும்" என்றார் மெக்கானிக்.

"அப்ப ஏன் நிக்குது?"

"அதத்தானுங்க பாத்துட்டிருக்கறேன்."

நாசிலை மாட்டினார். மறுபடி ஓடி மறுபடி நின்றது. டாங்கியைத் திறக்கப் போனார். தங்கை குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஏனுங்க, மூடியத் தொறக்கறப்பெல்லாம் உஸ்ஸுன்னு காத்த இழுக்குதுங்க. தொறந்தாத்தான் மறுக்கா ஓடுது."

அவர் கை நின்றது. மூடியைக் கழற்றிக் கட்டைவிரலால் தேய்த்தார். காய்ந்த சந்தனம் வில்லையாகப் பெயர்ந்தது. அடியில் குண்டூசி அளவு ஓட்டை. அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் டீசல் கீழே இறங்கும்.

"நான் வெச்சதுதான்" என்றாள் தங்கை. குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"என்னப்பா அது?" என்று சின்னம்மா வரப்பிலிருந்து கத்தினாள்.

"மூடியில அடைப்புங்க. மாட்டறப்பவே நான் பாத்திருக்கோணும். என்ற தப்புங்க!"

"லாரிக்காரனக் கூட்டியாந்தா இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மெக்கானிக் சிரித்தார். ஓட்டையைக் கம்பியால் குத்திவிட்டுக்கொண்டே தங்கையிடம் மெல்லச் சொன்னார்.

"சுமங்கலி வெச்சாலும் அடைக்குமுங்க்கா. சந்தனத்துக்கு ஆள் தெரியுமா?"

அவள் மம்பட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள்.

எஞ்சின் பொழுது சாயும்வரை நிற்கவில்லை. மெக்கானிக்கைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அவள் முழங்கால் வரை சேறோடு நின்றிருந்தாள்.

"காட்டுக் கோடி வரைக்கும் பாஞ்சிருச்சுங்ண்ணா. ஓரத்துல ரெண்டு சால் நாத்து கருகிப்போச்சு. நாளைக்கு வேற நாத்து வாங்கியாங்க, நட்டுக்கறேன்."

"சரி" என்றேன்.